கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை

எங்கள் கந்தோரின் கணினியில் "பிழைகள்" என்று ஒரு கோப்பு இருந்தது. அதை ஆரம்பித்து வைத்தவர் எங்கள் ஆவணக் காப்பகத்தின் தலைமைக் காப்பாளர். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு அதற்குள் ஆட்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கந்தோர் என்று நான் சொல்வது மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் ஒரு கன்னியர் மடத்தின் கீழ்த்தளத்தை. அந்த மடத்துச் சகோதரிகள் ஒருகாலத்தில் மொன்றியலில் இருந்து அலாஸ்காவின் மேற்குக் கரைக்குப் போய், யூபிக் என்ற மக்களின் நடுவில் விடுதிப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்தினார்கள். அந்த மக்கள் தங்களைக் காப்பாற்ற வாருங்கள் என்று யாருக்கும் சொல்லி அனுப்பியதாக எந்தப் பதிவும் இல்லை. நான் தேடிப் பார்த்திருக்கிறேன். போனவர்கள் திரும்பி வரும்போது பெட்டி பெட்டியாகக் கடதாசி கொண்டுவந்தார்கள். ஞானஸ்நானப் பதிவேடுகளின் பிரதிகள், கலியாணப் பதிவுகள், மரணப் பதிவுகள், மடத்து நாட்குறிப்புகள். அங்கே பிறந்தவர்களும் செத்தவர்களும் எல்லோரும் இப்போது என் மேசைக்குப் பக்கத்து இரும்பு அலுமாரிகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்றால் விமானம் மாறி மாறி வரவேண்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பாதுகாப்பு என்று பெயர்.

நான் அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து, கணினியில் ஏற்றி, பெயர்களையும் திகதிகளையும் நிரப்புகிறவள். எனக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் என் தகப்பனார். அவர் மன்னாரில் ஒரு பங்கின் சக்கிடுத்தார். பூசைக்கு மெழுகுதிரி ஏற்றுவது, மணி அடிப்பது, சுவாமிக்கு, அதாவது குருவானவருக்கு, பதிவேட்டை எடுத்து நீட்டுவது எல்லாம் அவர் வேலை. நேர்முகத்தில் தலைமைக் காப்பாளர் என்னிடம் இலத்தீன் தெரியுமா என்று கேட்டார். ஒருவரைக் கிறிஸ்தவனாக்கவும் புதைக்கவும் வேண்டிய அளவு தெரியும் என்றேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

தலைமைக் காப்பாளர் என்னைவிட மிகவும் இளையவர், பெரிய படிப்புப் படித்தவர். ஒவ்வொரு கூட்டத்தையும் இந்த நிலம் ஆதியில் எந்தப் பழங்குடிகளுடையது என்று சொல்லும் ஒரு பந்தியை வாசித்துத்தான் தொடங்குவார். வாசிக்கும்போது குரல் தழுதழுக்கும். வாசித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துவிட்டு, வாகனத் தரிப்பிடத்தில் யார் யாருக்கு எந்த இடம் என்ற விஷயத்துக்குப் போய்விடுவார்.

பிழைகள் கோப்புக்கு வருகிறேன். அலாஸ்காவில் இருந்த குருக்களில் ஒருவர் மற்றவர்களைப் போல இல்லை. சனம் சொன்னதை அப்படியே ஓரத்தில் எழுதிவைக்கிற பழக்கம் அவருக்கு. பிறந்து சில கிழமையேயான ஒரு பெண்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். பக்கத்தில், "சாட்சி நிற்கும் கிழவரின் தாய்" என்று எழுதியிருக்கிறார். இன்னோர் இடத்தில் இரண்டு வயதுப் பையன் ஒருவனை, அவன் வீட்டு மூத்த பெண்ணின் தகப்பன் என்று குறித்திருக்கிறார். இப்படி நிறைய. கணினி இதையெல்லாம் ஏற்காது. தாய் மகனுக்குப் பிறகு பிறக்க முடியாது என்று அதற்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"பனியும் தனிமையும் அந்தப் பாவப்பட்ட மனிதரின் மூளையைக் குழப்பியிருக்கின்றன," என்றார் தலைமைக் காப்பாளர். ஓரக்குறிப்புகளை எல்லாம் வெட்டிப் பிழைகள் கோப்பில் போடச் சொன்னார். அதை வைத்து ஒரு மாநாட்டில் கட்டுரையும் வாசித்தார். தாயாகிய குழந்தை திரையில் வந்தபோது மண்டபமே சிரித்தது. எனக்கும் அந்தக் குறிப்புகள் விளங்கவில்லை. ஆனால் விளங்காததை விளங்கவில்லை என்று விட்டுவிட அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. படித்தவர்கள் அல்லவா?

ஒரு அம்மா எங்களைத் தேடி வந்தது ஐப்பசியில், இலைகள் கொட்டி முடிகிற நேரம். எழுபதைத் தாண்டியவர், கட்டையான, உறுதியான உடம்பு, ஓடுகிற சப்பாத்து, கழுத்தில் சங்கிலி போட்ட மூக்குக் கண்ணாடி. யூபிக் கிராமம் ஒன்றில் தபால் கந்தோர் நடத்தி ஓய்வு பெற்றவர். வந்து இருந்ததும் கைப்பையில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். புகையில் காயவைத்த சமன் மீன். மன்னார்க்காரிக்குக் கருவாட்டை யார் அறிமுகப்படுத்த வேண்டும்? அந்த இடத்திலேயே ஒரு துண்டைக் கடித்தேன். தலைமைக் காப்பாளர் எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்தார்.

நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். ஆனால் அவருடைய குரல் எனக்கு இப்போது எங்கள் ஊர்ப் பேச்சில்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன், ஒருவருக்கும் நட்டமில்லை. தலைமைக் காப்பாளரை மட்டும் புத்தகத் தமிழில் விடுகிறேன். அவர் பிரெஞ்சிலும் அப்படித்தான் கதைப்பார்.

"எனக்கு ஒரு அக்கா இருந்தவ," என்றார் அந்த அம்மா. "நான் கைக்குழந்தையா இருக்கேக்க உங்கட பள்ளிக்கூடத்தில செத்துப்போனா. அப்பா அம்மாவும் அதே நோயில போயிட்டினம். என்னை வேற ஊரில ஆரோ வளத்தவை. அக்காவின்ர உண்மையான பேர் எனக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஆக்கள் எங்கட பக்கத்தில ஒருத்தரும் இப்ப உயிரோட இல்லை. அந்தப் பேர் வேணும்."

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு பேத்தி பிறந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில குடுத்த பேர் ஒண்டு இருக்கு. ஆள் இன்னும் வரேல்லை."

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். அவர்களிடத்தில் செத்தவரின் பெயரைப் பிறந்த பிள்ளைக்கு வைப்பார்கள். வைப்பது நினைவுக்காக அல்ல. அந்தப் பெயரோடு அந்த ஆளும் வந்துவிடுகிறார். பிறகு அந்தப் பிள்ளை அவர்தான். செத்தவரை அம்மா என்று கூப்பிட்டவர்கள் பிள்ளையை அம்மா என்று கூப்பிடுவார்கள், அவருக்குப் பிடித்த சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவருடைய அப்பா இப்போது பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிறாராம். அம்மா கூடைப்பந்து விளையாடுகிறாராம், நல்ல குறியாம்.

"எல்லாரும் திரும்பி வந்திட்டினம். அக்கா மட்டும்தான் நிக்கிறா. பேர் இல்லாமல் என்னெண்டு கூப்பிடுறது? எனக்கும் வயசு போகுது. நான் போனால் அவவைத் தேட ஆளில்லை."

நான் கையில் இருந்த கருவாட்டை மேசையில் வைத்தேன். எழும்பிப் போய் என் கணினியைத் திருப்பி, பிழைகள் கோப்பைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழியச் சிரித்தார்.

"இதில பிழை ஒண்டும் இல்லையே," என்றார். "இந்தப் பிள்ளை இந்தக் கிழவன்ர தாய்தானே. அவன் பேர் வச்சிட்டுச் சொல்லியிருக்கிறான், சுவாமி எழுதியிருக்கிறார். நல்ல மனிசன்."

எங்கள் அலுமாரிகளில் இருந்த அத்தனை கடதாசிக்குள்ளும் அந்த மக்கள் சொன்னது சொன்னபடி இருந்த இடம் அது ஒன்றுதான். அதைத்தான் நாங்கள் வெட்டி எடுத்துப் பிழை என்று பெயர் போட்டிருந்தோம். எங்கள் வீடுகளில் பெண்பிள்ளையைக் கொஞ்சும்போது அம்மா என்போம், பையனை ஐயா என்போம். அது செல்லம். இவர்களுக்கு அது உறவு. இதைக் கேட்டு அறிய ஒரு தொலைபேசி அழைப்பு போதும். மாநாட்டுக்கு அந்தப் பெரிய படிப்பெல்லாம் சேர்ந்து போயிருந்தது, அந்த அழைப்பை எடுக்கத்தான் ஒருவருக்கும் கை வரவில்லை.

தலைமைக் காப்பாளர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். "இது மிகவும் செழுமையான தகவல். தாங்கள் விரும்பினால் தங்களுடைய வாய்மொழியைப் பதிவு செய்ய ஒரு சம்மதப் படிவம் தருகிறேன்," என்றார்.

"முதல்ல என்ர அக்காவைக் காட்டுங்கோ," என்றார் அந்த அம்மா.

அதற்கு விதி இடம் கொடுக்காதாம். மரணப் பதிவுகள் அந்தரங்கமானவையாம், குறிப்பிட்ட காலம் கழியவேண்டுமாம். யாருடைய அந்தரங்கம் என்று நான் கேட்டேன். செத்தவருடையது என்றார். செத்தவரின் தங்கை ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து முன்னால் இருக்கிறா என்றேன். உறவை நிரூபிக்க ஆவணம் வேண்டும் என்றார். அந்த ஆவணம் உங்கள் அலுமாரிக்குள் இருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த வருடம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற கேள்விக்கு விடை இருந்தது. கடைசியில், பதிவைத் தான் வாசித்துச் சொல்வதாகவும் பக்கத்தைக் காட்டமுடியாது என்றும் பெரிய மனது பண்ணினார்.

வாசித்தார். ஒரு புனிதையின் பெயர், பிரெஞ்சில். அனாதை. இன்ன மாதம் அடக்கம் செய்யப்பட்டாள். பிறப்பிலே வைத்த பெயருக்கென்று ஒரு கட்டம் அச்சடித்திருந்தது. அதில் ஒரு சின்னக் கோடு. ஓரத்தில் எழுதும் அந்த நல்ல மனிதர் அதற்கு முதலே வேறு இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். நல்ல மனிதர்களை ஒரே இடத்தில் நெடுநாள் விட்டுவைக்க மாட்டார்கள், எங்கள் பங்கிலும் அப்படித்தான்.

"இது அவவின்ர பேர் இல்லை," என்றார் அந்த அம்மா. "இது நீங்கள் குடுத்த பேர்."

"எங்களிடம் உள்ளது இதுவே. வருந்துகிறேன்," என்றார் தலைமைக் காப்பாளர். வருந்தவும் செய்தார், அதில் அவர் குறை வைக்கமாட்டார்.

அன்று பின்னேரம் வீட்டில் சமைக்கும்போது சட்டிகளோடு சண்டை பிடித்தேன். நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்களுடைய அப்பார்ட்மென்டின் குசினி ஒருவர் திரும்பும் அளவுதான். அதற்குள் வந்து நின்று என் கணவர் விஷயம் கேட்டார். சொன்னேன்.

"இஞ்சேரும், உமக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை?" என்றார். "அதுகள் எஸ்கிமோச் சனம். எங்களைப்போல நானூறு வருஷத்து வேதக்காரரே? பேர் இல்லாட்டி இன்னொரு பேரை வைக்கிறதுதானே?"

"நானூறு வருஷத்து வேதக்காரருக்கு இப்ப என்ன பேர்? உங்கட ஞானஸ்நானப் பேரைச் சொல்லி இந்த வீட்டில ஆரும் கூப்பிட்டால் திரும்பிப் பாப்பியளே?" என்று கேட்டேன்.

அவர் போய்த் தொலைக்காட்சியைப் போட்டார். அவருடைய ஞானஸ்நானப் பெயரை அவருடைய தாயே கூப்பிட்டதில்லை. ஊர் முழுக்க ஒரு வீட்டுப் பெயர்தான். பத்திரங்களில் ஒரு போர்த்துக்கேயப் பெயர் இருக்கிறது, அதை எந்தக் கப்பல்காரன் விட்டுவிட்டுப் போனானோ தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது எங்கள் ஆட்கள் அதைச் சொல்லிப் பெருமைப்படுவதைக் கேட்கவேண்டும். கொடுத்தவன் மறந்துபோனான், வாங்கியவன் இன்னும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான்.

சட்டியைக் கழுவும்போதுதான் மேல்மாடிச் சிஸ்டரின் ஞாபகம் வந்தது.

மடத்தின் மேல்மாடியில் வயதான சகோதரிகளைப் பராமரிக்கிறார்கள். அலாஸ்காவுக்குப் போனவர்களில் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். தொண்ணூறு தாண்டிவிட்டது, கண் அநேகமாகத் தெரியாது, மூளை கூர்மை. பின்னேரக் கோப்பிக்கு நான் சில நாட்களில் அவரோடு போய் இருப்பேன். அலாஸ்காவைப் பற்றிக் கேட்டால் நாய்களைப் பற்றித்தான் கதைப்பார். வண்டி இழுத்த நாய்கள் ஒவ்வொன்றின் பெயரும் அவருக்கு ஞாபகம். எல்லாம் யூபிக் பெயர்கள். நாய்களுக்கு ஒருவரும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அதனால் அவை தங்கள் பெயரோடு இருந்து செத்தன.

அவரிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி எதுவும் கேட்கக்கூடாது என்று உத்தரவு. அவருடைய உடல்நிலைக்காக என்றார் தலைமைக் காப்பாளர். மடத்தின் வழக்கறிஞர் சொல்லித்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த நாள் கோப்பி நேரத்துக்கு அந்த அம்மாவை மின்தூக்கியில் ஏற்றி மேலே கூட்டிப்போனேன். யாரையும் கேட்கவில்லை. சிஸ்டர் ஜன்னலோரக் கதிரையில், முழங்காலில் போர்வையோடு இருந்தார். அந்த அம்மாவை எந்த ஊர், எந்த ஆறு என்று சொல்லி அறிமுகப்படுத்தியதும் முகம் மலர்ந்துவிட்டது. நாய்களைப் பற்றித் தொடங்கினார். அங்கே ஆங்கிலம்தான் படிப்பித்தவர், அதனால் நான் இடையில் நிற்கத் தேவை இருக்கவில்லை.

அந்த அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு, "உங்கட பள்ளிக்கூடத்தில என்ர அக்கா இருந்தவ," என்று சொல்லி, பதிவில் இருந்த புனிதையின் பெயரையும் செத்த காலத்தையும் சொன்னார்.

சிஸ்டரின் விரல்கள் போர்வை நூலைப் பிடித்தன. "ஓம்," என்றார். "தெரியும்."

"அவவின்ர பேர் என்ன?"

"நீங்கள் இப்ப சொன்ன பேர்தான்."

"அது இல்லை. மற்றப் பிள்ளையள் அவவை என்ன சொல்லிக் கூப்பிட்டவை?"

கோப்பி வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்த பிள்ளை எங்களுக்குக் கோப்பியை வைத்துவிட்டுப் போனாள். போனபிறகுதான் சிஸ்டர் வாயைத் திறந்தார்.

"அந்தப் பேருகளைப் பள்ளிக்கூடத்தில சொல்லத் தடை. காலமையில நான் பேர் கூப்பிடுவன். எல்லாப் பிள்ளையளும் வருங்கள். அவள் திரும்பியும் பாராள். காது கேக்காதோ எண்டு நினைச்சு, பின்னால நிண்டு ஒரு சட்டியைப் போட்டுப் பாத்தன். திடுக்கிட்டாள். அப்ப காது கேக்குது. நான் குடுத்த பேருக்குத்தான் கேக்கேல்லை."

"அதுக்கு என்ன செய்தனீங்கள்?"

"சாப்பாட்டறைக் கதவுக்கு வெளியில நிக்கவிட்டன். பேர் கூப்பிடேக்க 'ஓம் சிஸ்டர்' எண்டு சொன்னால் உள்ளுக்கு வந்து சாப்பிடலாம்."

"வந்தவவோ?"

"இல்லை. நிண்டாள். உள்ளுக்கிருந்த பிள்ளையள் கதவிடுக்கால மெல்லமா அந்த மற்றப் பேரைச் சொல்லுங்கள். அதுக்கு டக்கெண்டு திரும்புவாள். எது சொன்னதெண்டு பிடிக்கவேணும். அதுக்காகத்தான் நான் அந்தப் பேரைக் காதில பழக்கினன். சொன்ன பிள்ளைக்கும் அடி விழும்."

நான் பிறந்து வளர்ந்தது கன்னியர் மடத்து மதிலுக்குப் பக்கத்தில். சிஸ்டர்மாரைக் கண்டால் எழும்பி நிற்கப் பழகியவள். அந்த நேரத்தில் எனக்கு இருந்த கோபத்துக்கு, அந்தக் கோப்பியை அவருடைய முகத்தில் ஊற்றியிருப்பேன். அந்த அம்மா அசையாமல் இருந்ததால்தான் நானும் இருந்தேன்.

"எப்பிடிச் செத்தவ?"

"நெஞ்சு நோய். அந்தக் குளிருக்குள்ள. நான்தான் பக்கத்தில இருந்தனான். கடைசியிலயும் கூப்பிட்டுப் பாத்தன்."

"எந்தப் பேர் சொல்லி?"

சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். கண் தெரியாதவர், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. "நான் குடுத்ததைத்தான்," என்றார். "திரும்பேல்லை."

பிறகு, ஒருவரும் கேட்காமலே அவர் அந்தப் பெயரைச் சொன்னார்.

அதை இங்கே எழுத மாட்டேன். அது எனக்குச் சொல்லப்பட்டதல்ல. மடத்தின் கணினியிலும் ஏற்றவில்லை. பின்னாளில் தலைமைக் காப்பாளர் எந்தக் கட்டத்தில் போடலாம் என்று ஆர்வமாகக் கேட்டார். கட்டம் அப்போதே இருந்தது, நீங்கள் அதற்குள் கோடு போட்டுவிட்டீர்கள் என்றேன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது புரோசார்ட்டில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறேன். அங்கே பிழை என்றால் பிழைதான்.

அந்த அம்மா அழவில்லை. "திரும்பச் சொல்லுங்கோ," என்றார். சிஸ்டர் சொன்னார். "தொண்டைக்குள்ளால வரவேணும், திரும்ப," என்றார். சிஸ்டர் திரும்பச் சொன்னார். சரியாக வரும்வரை விடவில்லை. பேர் கூப்பிடப் படிப்பிக்கும் வேலை அன்றைக்குக் கைமாறியிருந்தது.

பிறகு தொலைபேசியை எடுத்து மகளை அழைத்தார். திரையில் ஒரு குசினி தெரிந்தது, மூக்குச் சிவக்க அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை தெரிந்தது. பிறந்த நாளில் இருந்து அதே அழுகையாம். அவர்களுடைய மொழியில் அந்த அம்மா கொஞ்சம் கதைத்தார். மகள் ஒரு கிண்ணத்தில் விரலை நனைத்துக் குழந்தையின் தலையில் தண்ணீர் தொட்டு வைத்து, உதட்டிலும் ஒரு துளி விட்டாள். அந்த அம்மா பெயரைச் சொன்னார். எங்களுடைய ஞானஸ்நானத்தை நான் எத்தனையோ முறை கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். அங்கே போன குருக்களும் சிஸ்டர்மாரும் இதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். கண்டுவிட்டும் இவர்களுக்குத் தண்ணீரும் பெயரும் கொண்டுபோகிறோம் என்று அலைந்திருக்கிறார்கள்.

குழந்தை அழுகையை நிறுத்திக் கொஞ்சம் விழித்துப் பார்த்தது, பிறகு கண்ணை மூடிவிட்டது. அழுது களைத்த பிள்ளை நித்திரை கொள்ளும், அதில் ஒரு அதிசயமும் இல்லை. அந்த அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்து ஏதோ ஒரு சொல் சொன்னார். என்ன என்று கேட்டேன்.

"அக்கா எண்டு சொன்னனான்," என்றார். "வாழ்க்கையில முதல்தரம்."

நான் தமிழில் எத்தனை பேரைக் காசு கொடுக்காமல் அக்கா என்று கூப்பிட்டிருக்கிறேன். காய்கறிக் கடையில், பஸ்ஸில், முகம் தெரியாதவர்களை.

சிஸ்டர் கைகளை நீட்டித் தடவி அந்த அம்மாவின் கையைப் பிடித்தார். "என்னை மன்னியுங்கோ," என்றார். "கனகாலமாச் சொல்லவேணும் எண்டு இருந்தனான். சொல்ல ஆளில்லை."

மடம் ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டிருக்கிறது. அச்சடித்து, வழக்கறிஞர் திருத்தி, ஒருவருக்கும் குறிப்பாகப் போகாத மாதிரி. சிஸ்டரின் குரலில் அந்தக் கடதாசி இருக்கவில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, பரவாயில்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் என்றால் சொல்லியிருப்போம், காலிலும் விழுந்திருப்போம்.

அவர் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"என்னட்டக் கேளாதேங்கோ," என்றார். "என்னை நீங்கள் வெளியில நிப்பாட்டேல்லை. அக்கா இப்ப வந்திட்டா. அவவிட்டக் கேளுங்கோ."

தொலைபேசியைச் சிஸ்டரின் கையில் வைத்துப் பிடிக்கக் காட்டினார். சிஸ்டர் அதைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். வெளிச்சம் மட்டும்தான் தெரிந்திருக்கும். வாயைத் திறந்தார்.

"பொறுங்கோ," என்றார் அந்த அம்மா. "அவ இப்பதான் கண் அயந்தவ. எழும்பட்டும்."

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"அது அவவின்ர விருப்பம்."

மடத்தில் இராச்சாப்பாட்டை வெயில் இருக்கும்போதே போட்டுவிடுவார்கள். சாப்பாட்டறையில் மணி அடித்தது. வயதான சகோதரிகளின் நடைவண்டிகள் ஒவ்வொன்றாக எங்கள் கதவைத் தாண்டிப் போயின. சூப் மணந்தது. பராமரிக்கும் பிள்ளை எட்டிப்பார்த்து, சாப்பிட வரவில்லையா என்று சிஸ்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சிஸ்டர் திரும்பவில்லை. இரண்டு கையாலும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெயரை உதட்டுக்குள் சொல்லிப் பழகியபடி இருந்தார். நான் எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினேன்.